‘ஓப்பன்னஸ் 19’ என்றால் என்ன?

வாசகர் கேள்வி: ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 38. பதினான்கு வருட சர்வீஸ். இந்த வருடம் அப்ரைசலுக்கு முன்னால் எங்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார்கள். எனக்கு ‘கான்ஷியன்ஷியஸ்னஸ் 91’ என்று பச்சையிலும் ‘ஓப்பன்னஸ் 19’ என்று சிவப்பிலும் வந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘பர்சென்டைல்’ என்று இருந்தது. மேனேஜரும், “வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் இன்னும் ஓப்பனாக இருக்க வேண்டும்” என்றார். மார்ச் மாதம் செக்‌ஷீட்டை எல்லாம் டேப்லெட்டுக்கு மாற்றுவது பற்றிய மீட்டிங்கில் நான், “பேப்பரே போதும் சார்” என்று சொன்னதிலிருந்தே அவர் முகம் சரியில்லை.

நான் இயல்பிலேயே அளந்து பேசுகிறவன். அகராதியில் பார்த்தேன், ‘வெளிப்படைத்தன்மை’ என்று போட்டிருந்தது. சரி, மாறிப் பார்ப்போம் என்று எல்லோரிடமும் மனம் விட்டுப் பேச ஆரம்பித்தேன். ஒரு ட்ரெய்னியிடம் அவன் வேலை அலட்சியமாக இருப்பதை லைனில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. கூட வேலை பார்க்கும் நண்பரிடம், தம்பிக்காக நான் வாங்கிய கடனைப் பற்றிச் சொன்னேன். அது அவர் மனைவி வழியாக என் மனைவி காதுக்குப் போய்விட்டது. அவளுக்கு அதுவரை அந்தக் கடன் விஷயமே தெரியாது. இப்போது வீட்டில் பேச்சே இல்லை.

அந்தத் தேர்வில் ‘எனக்குக் கற்பனை வளம் அதிகம்’ என்று ஒரு வரி இருந்தது. இல்லை என்று போட்டேன். ரீடிங்கைக் கற்பனையாக எழுதுகிறவன் நான் இல்லை. இது தப்பா? 19 என்றால் ஃபெயில்தானே? அடுத்த அப்ரைசலுக்குள் ஓப்பன்னஸை எப்படிக் கூட்டுவது?

பதில்:

உங்கள் கடிதத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். முதலில் மனதில் பட்டது வருத்தம்தான். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை யாரும் உங்களுக்கு உட்கார்ந்து விளக்கவில்லை. நீங்களோ அதை நேர்மையாக எடுத்துக்கொண்டு, உங்கள் சுபாவத்துக்கே ஒவ்வாத காரியங்களைச் செய்து, வீட்டிலும் வேலையிலும் அடி வாங்கியிருக்கிறீர்கள். அதனால் சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அகராதி உங்களை ஏமாற்றவில்லை. ஓப்பன்னஸ் என்பதற்கு வெளிப்படைத்தன்மை என்ற பொருள் உண்டு. கோர்பச்சேவ் 1980-களில் சோவியத் யூனியனில் கொண்டுவந்த ‘கிளாஸ்னோஸ்த்’ கொள்கையை ஆங்கிலப் பத்திரிகைகள் ஓப்பன்னஸ் என்றுதான் எழுதின. பிரிட்டனில் 1995-ல் நோலன் கமிட்டி, பொதுப் பதவியில் இருப்பவர்களுக்கு ஏழு நெறிகளை வகுத்தது. அதில் ஓப்பன்னஸ் ஒன்று, நேர்மை இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக வைத்தார்கள். பொய் சொல்லாமல் இருப்பது நேர்மை. எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் தக்க காரணம் இல்லாமல் மறைக்காமல் இருப்பது ஓப்பன்னஸ். அரசு, நிர்வாகம் என்று பேசும் இடத்தில் இதுதான் பொருள்.

ஆளைப் பற்றிப் பேசும்போது இதே சொல் வேறு பக்கம் திரும்புகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். ‘ஓப்பன் அபவுட்’ என்றால் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்வது. ‘ஓப்பன் வித்’ என்றால் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுவது. ‘ஓப்பன் டு’ என்றால் வருவதை ஏற்கத் தயாராக இருப்பது: யோசனையை, விமர்சனத்தை, புது முறையை. முதல் இரண்டிலும் உள்ளே இருப்பது வெளியே போகிறது. மூன்றாவதில் வெளியே இருப்பது உள்ளே வருகிறது. பேச்சில் பெரும்பாலும் அந்தக் குட்டிச் சொல் விழுந்துவிடும். ‘ஓப்பனா இருங்க’ என்று மட்டும் நிற்கும். கேட்பவர் தனக்குத் தெரிந்த பொருளை வைத்து நிரப்பிக்கொள்வார். நீங்களும் அப்படித்தான் நிரப்பிக்கொண்டீர்கள்.

இனி உங்கள் ரிப்போர்ட். அதில் இருக்கும் ஓப்பன்னஸின் முழுப்பெயர் ‘ஓப்பன்னஸ் டு எக்ஸ்பீரியன்ஸ்’. கட்டத்துக்குள் இடம் போதாமல் பின்பாதியை வெட்டிவிடுவார்கள். வெட்டாமல் போட்டாலும் நம் ஊர் அலுவலகங்களில் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் சர்வீஸ் வருடம் என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். அதுவும் இங்கே பொருந்தாது. புதிதாக எது எதிர்ப்பட்டாலும், அது ஒரு கருத்தோ, இசையோ, சாப்பாடோ, வேலை முறையோ, அதன் பக்கம் மனம் எவ்வளவு இயல்பாகப் போகிறது என்பதைத்தான் அந்த எண் காட்டப் பார்க்கிறது.

இந்த அளவுகோல் பிறந்த கதையே அகராதியில்தான் தொடங்குகிறது. மனிதர்களின் குணங்களைக் குறிக்கும் சொற்கள் ஒரு மொழியில் எத்தனை இருக்கின்றன என்று பார்க்க, 1936-ல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெப்ஸ்டர் அகராதியை அலசி 17,953 ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தபோது, குணங்கள் ஐந்து கொத்துகளாகச் சேர்ந்தன. அதைத்தான் இன்று ‘பிக் ஃபைவ்’ என்கிறார்கள். நான்கு கொத்துகளுக்குப் பெயர் வைப்பதில் பெரிய தகராறு இல்லை. ஐந்தாவதுக்குத்தான் ஆளுக்கொரு பெயர். அமெரிக்க விமானப்படைக்காக 1961-ல் ஆய்வு செய்த ட்யூப்ஸ், கிறிஸ்டல் இருவரும் அதைக் ‘கல்ச்சர்’ என்றார்கள். கோல்ட்பெர்க் என்ற உளவியலாளர் ‘இன்டலெக்ட்’ என்றார். காஸ்டா, மெக்ரே என்ற இரு உளவியலாளர்கள் வைத்த ‘ஓப்பன்னஸ் டு எக்ஸ்பீரியன்ஸ்’தான் கடைசியில் பரவலாக நின்றது. துறைக்குள் இருப்பவர்களே பல வருடம் அடித்துக்கொண்ட பெயர் இது. அதை ஒரு சிவப்புக் கட்டத்தில் போட்டு, ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் ஒருவர் கையில் கொடுப்பது சரியில்லை என்பது என் கருத்து.

காஸ்டாவும் மெக்ரேயும் இதை ஆறு உட்கூறுகளாகப் பிரித்தார்கள். கற்பனையில் சஞ்சரிப்பது, கலையில் ஈடுபாடு, தன் உணர்ச்சிகளைக் கவனிப்பது, புதுப்புதுச் செயல்களில் விருப்பம், கருத்துகளை ஆராயும் ஆசை, பழகிய மதிப்பீடுகளை மறுபடி யோசித்துப் பார்ப்பது. இதில் மனம் விட்டுப் பேசுவது எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. உணர்ச்சி பற்றிய மூன்றாவது கூறுகூட, ஒருவர் தன் மனதில் நடப்பதைத் தானே உணர்கிறாரா என்பதுதான். அதை ஊருக்குச் சொல்கிறாரா என்று அது கேட்கவில்லை. ஒளிவுமறைவு இல்லாமல் நேராகப் பேசுவதை அவர்கள் ‘அக்ரீயபிள்னஸ்’ (பிறரோடு இணக்கமாக இருப்பது) என்ற இன்னொரு குணத்துக்குக் கீழே வைத்தார்கள். அதாவது ட்ரெய்னி விஷயத்திலும் கடன் விஷயத்திலும் நீங்கள் செய்தவற்றுக்கும் அந்த 19-க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாளைக்கே அதே தேர்வை மறுபடி எழுதினாலும் அந்த எண் இதனால் நகராது.

19 ஃபெயிலும் இல்லை. மார்க் என்றாலே 35 எடுத்தால் பாஸ் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து ஊறிவிட்டது. பர்சென்டைல் வேறு கணக்கு. ஒப்பிட எடுத்துக்கொண்ட கூட்டத்தில் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், ஏறக்குறைய 19 பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழேயோ இருப்பார்கள். அவ்வளவுதான் அதன் பொருள். எந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டார்கள் என்பது இதில் ரொம்ப முக்கியம். உங்கள் ஷாப் ஃப்ளோர் ஆட்களோடு ஒப்பிட்டால் ஒரு எண் வரும். வெளிநாட்டில் கல்லூரி மாணவர்களிடம் திரட்டிய தரவோடு ஒப்பிட்டால் வேறு எண் வரும். இதை ஹெச்.ஆரிடம் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. என்ன தேர்வு, யாரோடு ஒப்பீடு, இந்த ரிப்போர்ட் யார் யார் பார்வைக்குப் போகிறது. இந்த மூன்றையும் மரியாதையாக ஒரு மெயிலில் கேளுங்கள்.

கற்பனை பற்றிய அந்த வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுதான். மைக்ரோமீட்டரில் வந்த அளவை வந்தபடியே எழுதுவதுதான் உங்கள் தொழில் தர்மம். அங்கே ‘கற்பனை’ என்றால் இல்லாத ரீடிங்கை இட்டு நிரப்புவது. அந்தப் பழக்கத்தோடு அந்த வரியைப் படித்தவர் ‘இல்லை’ என்று போட்டது மிகவும் நியாயம். கேள்வி எழுதியவர் மனதில் இருந்ததோ வேறு. மனக்கண்ணில் ஒன்றைப் பார்க்கிறீர்களா, நடக்காததை நடந்தால் எப்படி இருக்கும் என்று ஓட்டிப் பார்க்கிறீர்களா என்பது. அதை நீங்கள் தினமும் செய்கிறவர் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஒரு ரிஜெக்ஷன் வந்தால் டூல் தேய்ந்திருக்குமா, ஃபிக்ஸ்சர் தளர்ந்திருக்குமா, மெட்டீரியல் மாறியிருக்குமா என்று மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்காமல் யாரும் பதினான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டில் நிற்க முடியாது. இன்னொன்றும் உண்டு. என்னிடம் வருகிறவர்களில் பலர், தன்னைத் தானே புகழ்வதுபோல் ஒரு வரி வந்தாலே கூச்சப்பட்டு ‘இல்லை’ பக்கம் போய்விடுவார்கள். இவையெல்லாம் நாமே நம்மைப் பற்றிச் சொல்லும் பதில்களை வைத்துப் போடும் எண்கள். சொல்லை எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்துதான் இருக்கும்.

அதற்காக எண்ணைத் தூக்கி எறியவும் சொல்ல மாட்டேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். நீங்கள் பழகிய வழியில் திடமாக நடக்கிறவர், புதுசு என்பதற்காகவே ஒன்றின் பின்னால் ஓடாதவர். உங்கள் வேலைக்கு அது பலம். வேலைத்திறனையும் இந்த ஐந்து குணங்களையும் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து பேரிக், மவுன்ட் இருவரும் 1991-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லா வகைத் தொழில்களிலும் வேலைத்திறனோடு சேர்ந்தே வந்த குணம் கான்ஷியன்ஷியஸ்னஸ். பொறுப்பு, ஒழுங்கு, சொன்னதைச் செய்து முடிப்பது. அதில்தான் நீங்கள் 91. ஓப்பன்னஸ் அன்றாட வேலைத்திறனோடு பெரிதாகச் சேரவில்லை. ஆனால் பயிற்சி வகுப்புகளில் ஒருவர் எவ்வளவு கற்றுக்கொள்கிறார் என்பதோடு சேர்ந்து வந்தது. அப்ரைசலை நினைத்து நீங்கள் பயந்த அளவுக்குப் பயம் வேண்டாம். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் மட்டும் கவனமாக இருங்கள்.

அடுத்த அப்ரைசலுக்குள் கூட்ட முடியுமா என்றால், குணத்தைக் காலாண்டு டார்கெட்போல் கூட்ட முடியாது. இந்தக் குணங்களில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி பிறவியோடு வருவது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மாறவே மாறாது என்றும் இல்லை. அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிர்களைத் தீர்க்கும் பயிற்சியை 16 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. பயிற்சி பெற்றவர்களின் ஓப்பன்னஸ் கூடியிருந்தது. எனக்கு அதில் பிடித்தது, ‘திறந்த மனதோடு இருங்கள்’ என்று யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை என்பது. கைக்கு ஏற்ற அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டமான வேலை கொடுத்தார்கள். கை பழகப் பழக, மனமும் அந்தப் பக்கம் போயிற்று.

இப்போது உங்கள் மேனேஜர். அவர் சொன்ன ஓப்பனும் ரிப்போர்ட்டின் ஓப்பன்னஸும் ஒன்றுதான் என்று ஏன் முடிவு செய்தீர்கள்? நீங்களே மார்ச் மாத மீட்டிங்கை எழுதியிருக்கிறீர்கள். அவர் குறை அங்கேதான் என்று எனக்குப் படுகிறது. ‘ஓப்பன் டு சஜஷன்ஸ்’ என்பதில் பின்பாதியை விழுங்கிவிட்டுச் சொல்லியிருப்பார். ஊகிப்பதைவிடக் கேட்டுவிடுவது நல்லது. “சார், ஓப்பனாக இருக்கணும்னு சொன்னீங்க. எந்தச் சந்தர்ப்பத்தில் நான் அப்படி இல்லைன்னு உங்களுக்குப் பட்டது? ஒரு உதாரணம் சொன்னா எனக்குத் திருத்திக்க வசதியா இருக்கும்” என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். உதாரணத்தைக் கேட்டு வாங்குங்கள். உதாரணம் இல்லாத அறிவுரையை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் திருத்த முடியாது. அவர் சொல்லும்போது நடுவில் விளக்கம் கொடுக்காதீர்கள். சொல்லி முடித்ததும், “டேப்லெட் விஷயம்தானே சார்” என்று நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அது டேப்லெட் விஷயம்தான் என்றால், “பேப்பரே போதும்” என்று நீங்கள் சொன்னதற்குக் கட்டாயம் காரணம் இருந்திருக்கும். கையுறை போட்ட விரலுக்குத் திரை வேலை செய்யாது, கையில் எண்ணெய் இருக்கும், நெட்வொர்க் போனால் என்டர் செய்தது சேமிப்பில் இருக்காது. இவையெல்லாம் லைனில் நிற்பவருக்கு மட்டும் தெரிகிற, உருப்படியான ஆட்சேபணைகள். ஆனால் மீட்டிங்கில் வெளியே வந்தது இரண்டே வார்த்தை. கேட்டவருக்கு அது மறுப்பாக மட்டும்தான் விழுந்திருக்கும். அடுத்த முறை ஆட்சேபணையைச் சுருக்காதீர்கள். கூடவே ஒரு வழியையும் வையுங்கள். “ஒரே ஒரு ஸ்டேஷனில் இரண்டு வாரம் பேப்பரும் டேப்லெட்டும் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம் சார். எத்தனை என்ட்ரி விட்டுப்போகிறது, எவ்வளவு நேரம் கூடுகிறது என்று நானே குறித்துத் தருகிறேன்.” உங்கள் கறார்த்தனம் இதில் துளியும் குறையவில்லை. புது முறையைச் சோதித்துப் பார்க்கும் ஆளாக நீங்களே முன்னால் நிற்கிறீர்கள். முடிவு டேப்லெட்டுக்கு எதிராக வந்தாலும், அதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும். சோதனை நடக்கும் சாக்கில் அந்த மென்பொருளையும் முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 16 வாரப் பயிற்சி உங்களுக்கு இதுவாகவே இருக்கட்டும்.

ட்ரெய்னி விஷயம் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது. தனியாகக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னதற்கு வருத்தம் தெரிவியுங்கள். சொன்ன விஷயத்தைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. எந்தப் பார்ட், எந்த அளவு, எங்கே விட்டான் என்று காட்டிக் கொடுங்கள். ‘அலட்சியம்’ என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். அது அவன் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. விட்டுப்போன அளவை அவனால் திருத்த முடியும், தீர்ப்பை அவன் என்ன செய்வான்?

வீட்டு விஷயம்தான் இதில் கனமானது. உங்கள் மனைவியின் கோபம் கடன் மீது மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். தன் வீட்டுக் கணக்கை வெளியாள் ஒருவர் வாயால் கேட்க நேர்ந்ததே, அதுதான் அதிகம் சுட்டிருக்கும். அலுவலகப் பயிற்சிகளில் ஜோஹாரி ஜன்னல் என்று நான்கு கட்டம் போட்டுக் காட்டுவார்கள். 1955-ல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் இருவரும் உருவாக்கியது. நமக்கும் பிறருக்கும் தெரிந்தது ஒரு கட்டம். நமக்குத் தெரிந்து பிறருக்குத் தெரியாதது இன்னொரு கட்டம். முதல் கட்டத்தைப் பெரிதாக்குங்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். ‘பிறர்’ என்றால் யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் பலர். உங்கள் சம்பளத்தை நம்பித்தான் உங்கள் மனைவி குடும்பத்தை ஓட்டுகிறார். அந்தக் கடனைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு முதலில் இருந்தது. நண்பருக்கு அது தெரியவே வேண்டியதில்லை.

அதனால் இந்த ஒரு இடத்தில், அகராதிப் பொருளிலேயே ஓப்பனாக இருங்கள். சாவகாசமான ஒரு நாள் பார்த்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கடன் பத்திரத்தையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எவ்வளவு வாங்கியது, மாதம் எவ்வளவு போகிறது, இன்னும் எத்தனை தவணை, தம்பி இதுவரை என்ன கொடுத்திருக்கிறான், இனி என்ன கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். பிறகு தெரியவரும் ஒரே ஒரு தொகை, இப்போது சொல்லும் அத்தனையையும் பொய்யாக்கிவிடும். ‘உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை’ என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அவருக்கு அது சமாதானம் சொல்வதாகத்தான் கேட்கும். ‘உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்’ என்று தொடங்குங்கள். அவர் பதிலுக்குக் கோபமாகப் பேசினால் பேசட்டும். அழுதால் அழட்டும். உடனே எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். தம்பிக்கு இனி பணம் கொடுப்பதாக இருந்தால் இருவரும் சேர்ந்துதான் முடிவு எடுப்பது என்று மட்டும் அன்றைக்கே ஒத்துக்கொள்ளுங்கள்.

அளந்து பேசும் சுபாவத்தை இதற்காக மாற்றிக்கொள்ள வேண்டாம். நண்பரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். “வீட்டு விஷயம் நமக்குள் இருக்கட்டும்” என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மேனேஜரைப் பார்ப்பதற்கு முன்னால் மனைவியிடம் பேசிவிடுங்கள், அந்த வரிசை முக்கியம். பேசிய பிறகும் வீட்டில் இறுக்கம் குறையவில்லை, அல்லது உங்களுக்குத் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல் வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால், இருவருமாக நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். ஹெச்.ஆரிடமிருந்து மெயிலுக்குப் பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள். அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று கட்டம் கட்டமாகச் சொல்லித் தருகிறேன்.